வீட்டில் மல்லித் தோட்டம் இருந்தால் வாசனைத் தொழில் தொடங்கலாமா?

கேள்வி இது: "தர்மபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊர். பி.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன். வீட்டில் ஒரு ஏக்கர் குண்டுமல்லி, அரை ஏக்கர் சம்பங்கி இருக்கிறது. ரசாயன சென்ட் சேர்க்காமல் இயற்கைப் பொருட்களை மட்டும் வைத்து, என் பெயரிலேயே வாசனைத் திரவியம் செய்து விற்க ஆசை. ஆவியில் எண்ணெய் வடிக்கும் கருவியான வாலை ஒன்றை வாங்கிப் போட்டால் போதுமா? புதிதாக ஒரு மணத்தை எப்படி உருவாக்குகிறார்கள்?"

வாலையை இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்களிடம் இருக்கும் இரண்டு பூவுக்கும் அது உதவாது. குண்டுமல்லியையும் சம்பங்கியையும் ஆவியில் வடித்தால் எண்ணெய் பெயருக்குத்தான் வரும். கூட வரும் தண்ணீரில் வெந்த கீரை வாடை அடிக்கும். இந்தப் பூக்களின் மணம் சூட்டைத் தாங்காது. அதனால்தான் சத்தியமங்கலம், கோவை வட்டாரத்து ஆலைகள் பூவை ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து, மெழுகுபோல் உறையும் 'கான்கிரீட்' எடுக்கின்றன. அதை எரிசாராயத்தில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை வடிகட்டிவிட்டு, சாராயத்தையும் குறைந்த அழுத்தத்தில் இழுத்துவிட்டால் மிஞ்சுவது 'அப்சல்யூட்'. ஹெக்சேன் பெட்ரோலைப் போலப் பற்றும். வீட்டுக் கொட்டகையில் செய்கிற வேலை இல்லை.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 1,000 கிலோ குண்டுமல்லியில் கான்கிரீட் ஏறக்குறைய 1.4 முதல் 1.9 கிலோ வரை வரும். சாதிமல்லி என்றால் 3 கிலோவை ஒட்டி வரும். சம்பங்கியில் ஒரு கிலோ வந்தாலே நல்ல விளைச்சல். கான்கிரீட்டில் பாதிதான் அப்சல்யூட் ஆகும். ஆக, சீசன் உச்சத்தில் ஒரே நாளில் நாற்பது கிலோ பூ பறித்தாலும் கையில் நிற்பது முப்பது கிராம் சொச்சம். முகூர்த்த நாளில் அதே பூவுக்கு மார்க்கெட்டில் என்ன விலை போகிறது என்பது என்னைவிட உங்கள் வீட்டில் நன்றாகத் தெரியும். ஆலைகள் பூவை அள்ளுவதும் விலை சரிந்து கிடக்கும் நாட்களில்தான்.

ஆனால் வாசனை அமைப்பவருக்குத் தேவைப்படும் அளவு மிகச் சிறியது. ஒரு சோதனைக் கலவையில் மல்லி அப்சல்யூட் 0.1 கிராம் போகும். 5 கிராம் பாட்டில் ஒன்று ஐம்பது சோதனைக்கு வரும். எனவே முதல் ஆண்டு மூலப்பொருளை விலைக்கு வாங்கிக் கலவை பழகுங்கள். உங்கள் பூவுக்கும் ஒரு வேலை இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

தொடங்க இருபது பொருள் தாராளம். கடைசிவரை தங்கும் அடி மணத்துக்குச் சந்தனம், வெட்டிவேர், சாம்பிராணிப் பிசின், நாகர்மோத்தா எனப்படும் கோரைக்கிழங்கு எண்ணெய், பச்சௌலி, குங்கிலியம். அதற்கு முன் விரியும் நடு மணத்துக்குக் குண்டுமல்லி, சம்பங்கி, செண்பகம், பால்மரோசா என்ற புல்லின் எண்ணெய், ஜெரேனியம், கிராம்பு, சாதிக்காய். முதலில் எழுந்து சீக்கிரம் பறந்துவிடும் மேல் மணத்துக்கு ஆரஞ்சு, எலுமிச்சை, கொத்தமல்லி விதை, ஏலம், மரு, மரிக்கொழுந்து, எலுமிச்சம்புல். வாங்கும்போது எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் லாட் எண்ணும், எண்ணெயில் எது எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஜி.சி. (வாயு நிறப்பிரிகை) அறிக்கையும் கேளுங்கள். வேதியியல் படித்ததன் முதல் பலன் இங்கே கிடைக்கும். உதாரணத்துக்குச் சந்தனம்: ஐ.எஸ்.ஓ. 3518 தரப்படி ஆல்ஃபா சான்டலால் 41–55 சதவீதமும் பீட்டா சான்டலால் 16–24 சதவீதமும் இருக்க வேண்டும். அறிக்கையில் அந்த இரண்டு வரியைப் பார்த்தாலே பாதிக் கலப்படக்காரர்கள் கழன்றுகொள்வார்கள். பெங்களூரில் கர்நாடக அரசு நிறுவனமான கே.எஸ்.டி.எல். சந்தன எண்ணெயைச் சிறு பாட்டில்களிலும் விற்கிறது. விலை அதிகம், ஆனால் பில்லோடு வரும். ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பெயரைச் சொல்லிப் பில் இல்லாமல் யாராவது கட்டையோ எண்ணெயோ கொடுத்தால் தொடாதீர்கள், அது வனத்துறை வழக்கில் கொண்டுபோய் விடும். பத்து மில்லி இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'மல்லிகை ஆயில்' மல்லிகையே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒசூர் ரோஜாவைப் பற்றியும் இதே இடத்தில் ஒரு வார்த்தை. தளி, கெலமங்கலம் பசுமைக்குடில்களில் விளைவது கொய்மலர். நீளமான காம்பும், ஜாடியில் பத்து நாள் வாடாத இதழும் இருக்கும்படி வளர்த்தெடுத்த ரகங்கள் அவை. அந்தப் பேரத்தில் மணம் போய்விட்டது. கழிவுப் பூ மலிவாகக் கிடைக்கிறதே என்று ரோஜா எண்ணெய் வடிக்கப் போனால் நிறம் மங்கிய தண்ணீர்தான் கிடைக்கும். மணமுள்ள டமாஸ்க் ரோஜாவிலேயே ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,500 முதல் 5,000 கிலோ பூ வேண்டும். மாலைக்குப் போகும் பன்னீர் ரோஜாவில் பன்னீர் எடுக்கலாம், அவ்வளவுதான்.

கருவி அதிகம் வேண்டாம். 0.01 கிராம் காட்டும் தராசு, கண்ணாடிப் பாட்டில்கள், பிப்பெட், மோந்து பார்க்கும் காகிதப் பட்டை, ஒரு நோட்டு. சொட்டுக் கணக்கில் எழுதும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். வெட்டிவேர் எண்ணெய் கெட்டி, ஆரஞ்சு எண்ணெய் தண்ணீர்போல். இரண்டிலும் ஒரு சொட்டு ஒரே எடை இருக்காது. மே மாதத்துச் சொட்டும் டிசம்பர் சொட்டும்கூட வேறு. சொட்டில் எழுதிய நல்ல சூத்திரத்தை மறுபடி செய்ய முடியாமல் தவிப்பவர்கள் நிறைய. எல்லாப் பொருளையும் 1 கிராம் எண்ணெய், 9 கிராம் ஸ்பிரிட் (எரிசாராயம், அதாவது எத்தனால்) என்று பத்து சதவீதக் கரைசலாக்கி வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். செலவு பத்தில் ஒன்றாகும். அடர்த்தியில் மறைந்து கிடக்கும் மணமும் கரைசலில்தான் விரியும். மல்லி அப்சல்யூட்டைத் திறந்தவுடன் மோந்தால் நாப்தலின் உருண்டையும் வாடிய பூவும் கலந்த நெடி வரும், அதிலுள்ள இண்டோல் என்ற வேதிப்பொருள் செய்கிற வேலை அது. பத்து சதவீதத்தில் பூ தலைகாட்டும், ஒரு சதவீதத்தில் பந்தலே வந்து நிற்கும்.

மூக்கைப் பழக்குவதற்கு நல்ல வழி வகுத்தவர் ழான் கார்ல்ஸ். 1946இல் பிரான்ஸின் கிராஸ் நகரில் ரூர் நிறுவனத்தின் வாசனைப் பள்ளியைத் தொடங்கியவர். முதலில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவற்றை எடுத்து வித்தியாசத்தால் பழகு. பிறகு ஒரே குடும்பத்துப் பொருட்களை அருகருகே வைத்துப் பிரித்தறி என்பது அவர் முறை. நாளுக்கு ஐந்தாறு பட்டைக்கு மேல் போனால் மூக்கு மரத்துவிடும். ஒவ்வொன்றையும் உடனே, பத்து நிமிடம் கழித்து, ஒரு மணி நேரம் கழித்து, மறுநாள் காலை என நான்கு முறை மோந்து எழுதுங்கள். எழுதும் சொல் உங்கள் சொல்லாக இருக்கட்டும். 'மரமணம்', 'பச்சை மணம்' என்ற பொதுச் சொற்கள் மூன்று மாதம் கழித்து எதையும் ஞாபகப்படுத்தாது. வெட்டிவேருக்கு 'புதுப் பானைத் தண்ணீர், அடியில் நனைந்த சாக்கு' என்று எழுதியிருந்தால் ஆயுசுக்கும் மறக்காது.

அடுத்தது இணை சேர்ப்பது. இரண்டு அடி மணங்களை எடுத்து 9:1, 8:2, 7:3 என்று 1:9 வரை ஒன்பது சின்னப் பாட்டில் கலக்குங்கள். எங்கோ ஓர் இடத்தில் இரண்டும் தனித்தனியாகத் தெரியாமல் மூன்றாவதாக ஒன்று பிறக்கும். சந்தனமும் வெட்டிவேரும் என்றால் அநேகமாக 7:3ஐ ஒட்டி அது நடக்கும், உங்கள் லாட்டைப் பொறுத்துக் கொஞ்சம் நகரும். அந்த இணையை முடிவு செய்த பிறகே நடு மணம், கடைசியில் மேல் மணம். தலைகீழாக, ஆரஞ்சிலும் எலுமிச்சையிலும் தொடங்கினால் முதல் ஐந்து நிமிடம் பிரமாதமாக இருக்கும். பிறகு கையில் ஒன்றும் இருக்காது.

புதிய மணத்தை எப்படி யோசிப்பது என்று கேட்டிருந்தீர்கள். நம் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு கலவை தினமும் கடையில் தொங்குகிறது: கதம்பம். மல்லியின் கனத்தை மரிக்கொழுந்து வெட்டுகிறது, மரு இரண்டுக்கும் நடுவே காரமாக ஓடுகிறது, நாரின் ஈரம் அடியில் நிற்கிறது. இதைப் பாட்டிலில் கட்டப் பார்ப்பது நல்ல முதல் பயிற்சி. பத்து சதவீதக் கரைசல்களில் 10 கிராமுக்கு ஒரு தொடக்கக் கணக்கு: சந்தனம் 2.50, வெட்டிவேர் 1.00, சாம்பிராணி 0.80, குண்டுமல்லி 1.00, சம்பங்கி 0.30, பால்மரோசா 0.70, ஆரஞ்சு 2.00, கொத்தமல்லி விதை 1.40, மரு 0.20, மரிக்கொழுந்து 0.10. பூவும் இலையும் மட்டும் சேர்த்தால் மணம் கிழிந்த துணிபோல் இருக்கும். ஆரஞ்சும் கொத்தமல்லி விதையும் தங்களைக் காட்டிக்கொள்ளாமல் ஒட்டுப் போடுகின்றன. சம்பங்கி பெயருக்குத்தான் இருக்கிறது, மல்லியை அகலமாக்குவது அதன் வேலை.

இதில் எது கெடும் என்பதும் ஓரளவு முன்கூட்டியே தெரிந்ததுதான். மரிக்கொழுந்து எண்ணெய் பூக்கடையில் மோக்கும் தழை இல்லை. வடித்ததும் பழுத்த பழமும் ஒயினும் கலந்த மணமாகிவிடுகிறது. 0.10ஐ 0.30 ஆக்கிப் பாருங்கள், கதம்பம் போய் அழுகத் தொடங்கிய பலாச்சுளை வந்து உட்காரும். போதாததற்கு ஒவ்வொருவர் தோலிலும் ஒவ்வொரு விதமாக மணக்கும். காகிதத்தில் பார்த்து முடிவு கட்டாமல் குறைந்தது நான்கு பேர் கையில் தடவிப் பாருங்கள். வெட்டிவேர் முதல் நாள் அடங்கிக் கிடந்து மூன்றாம் நாள் எல்லாவற்றையும் விழுங்கும், அப்படியானால் 0.60க்கு இறக்குங்கள். பொருள் பன்னிரண்டைத் தாண்டினால் கலங்கல்தான், ஏனென்றால் ஒவ்வோர் இயற்கை எண்ணெயும் தனக்குள்ளேயே ஐம்பது நூறு மூலக்கூறு கொண்ட ஒரு கலவை. ஒரு சோதனையில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். கலந்ததை இருட்டான இடத்தில் நான்கு வாரம் வையுங்கள். பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்து, தேங்கும் மெழுகை வடிகட்டிவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள். தகரக் கூரை அறை கூடவே கூடாது. ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெய்கள் ஃப்ரிட்ஜிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சில மாதத்தில் டர்பன்டைன் வாடை தட்டும். தர்மபுரி ஏப்ரலில் மேல் மணம் பத்து நிமிடம்கூட நிற்காது, ஒசூர் மார்கழியில் அதே கலவை அரை மணி நேரம் பேசும். எங்கே விற்கப் போகிறீர்களோ அந்த வெயிலில் சோதியுங்கள்.

இயற்கைப் பொருளால் தோலுக்கு ஒன்றும் செய்யாது என்பது பொய். பிழிந்தெடுத்த எலுமிச்சை வகை எண்ணெய்களில் சில, வெயில் பட்டால் தோலைக் கருக்கும். தோலில் தங்கும் பொருட்களில் பெர்கமாட்டுக்கு 0.4 சதவீதம், பிழிந்த லைமுக்கு 0.7, லெமனுக்கு 2 என்று உலக வாசனைத் தொழிலின் கூட்டமைப்பான இஃப்ரா வரம்பு வைத்திருக்கிறது. ஓக் மரத்தில் பாசிபோல் படரும் ஓக்மாஸுக்கு, வெயிலுக்காக இல்லை, ஒவ்வாமைக்காக, 0.1 சதவீதம். ஆவியில் வடித்த லைமுக்கு வெயில் சிக்கல் கிடையாது, அதையே வாங்கிவிடலாம்.

உங்களுக்குப் பக்கத்துக் கிருஷ்ணகிரி என்றால் மாம்பழம், அதை விட்டுவிட்டுப் பேச முடியாது. மாம்பூவுக்கோ பழத்துக்கோ நல்ல எண்ணெய் சந்தையில் கிடையாது. கட்டித்தான் எழுப்ப வேண்டும். இங்கே கைகொடுப்பது மாங்காய் இஞ்சி. ஊறுகாய்க்கு வாங்கும் அதே கிழங்குதான். மெல்லிய வில்லையாக அரிந்து நிழலில் சருகாகக் காயவைத்து, ஒரு பங்குக்கு ஐந்து பங்கு ஸ்பிரிட் ஊற்றி நான்கு வாரம் வைத்து வடிகட்டுங்கள். வெட்டிய மாங்காய்க் காம்பின் பால் வாடை அப்படியே இறங்கியிருக்கும். மரிக்கொழுந்தில் துளி சேர்த்தால் பழுத்த மணம் வரும், பிளாக்கரன்ட் மொட்டு அப்சல்யூட் மிகக் கொஞ்சம் விட்டால் மாந்தோலின் கந்தக நெடி வரும். வெட்டிவேர், காப்பிக்கொட்டை, கஸ்தூரி வெண்டை விதையெல்லாம் இதே முறையில் ஊறும். பச்சைப் பூவை மட்டும் ஊறப்போடாதீர்கள். அதில் பெரும்பங்கு தண்ணீர். ஸ்பிரிட் நீர்த்துக் கலங்கி, புல் வாடைதான் ஏறும். ஊரே கொண்டாடும் மழை மண் வாசனைக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை, உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் சுட்ட மண் வில்லைகளை வடித்து மிட்டி அத்தர் என்று விற்கிறார்கள், வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் பூவுக்கு வருவோம். 'பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்' என்பதைத் தொழிலாகச் செய்தால் அதுதான் கொழுப்பில் மணம் ஏற்றும் முறை. மல்லியும் சம்பங்கியும் பறித்த பிறகும் மணத்தை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும், அதனால் இது செல்லும். மணம் நீக்கிய தேங்காய் எண்ணெய் ஏழு பங்கு, சுத்திகரித்த ஷியா வெண்ணெய் (ஒரு கொட்டைக் கொழுப்பு) மூன்று பங்கு உருக்கி, 30×40 செ.மீ. கண்ணாடித் தட்டில் அரை செ.மீ. கனத்துக்கு ஊற்றுங்கள், ஒரு தட்டுக்கு அரை கிலோவுக்குச் சற்று அதிகம் பிடிக்கும். உறைந்ததும் முள்கரண்டியால் கோடு கீறினால் பரப்பு கூடும். பூவில் பனி ஈரம் இருக்கக் கூடாது. பச்சைக் காம்பைக் கிள்ளிவிட வேண்டும். இரண்டில் எதை விட்டாலும் முதலாவதில் பூஞ்சை, இரண்டாவதில் தழை வாடை. குண்டுமல்லியை மாலையில் மொட்டு வெடிக்கும் நேரத்தில் கவிழ்த்து அடுக்கி 24 மணி நேரத்தில் மாற்றுங்கள். சம்பங்கிக்கு 48 மணி நேரம் கொடுக்கலாம். இதழ் பழுப்பேறிய பிறகும் விட்டால் புளித்த நாற்றம் கொழுப்பில் ஏறிவிடும், பிறகு இறங்காது. கிராஸில் அந்தக் காலத்தில் 36 முறைவரை மாற்றினார்கள். பதினைந்து இருபது முறைக்குக் குறைந்தால் முயற்சி வீண்.

சிக்கல் பருவத்தில் இருக்கிறது. மல்லி குவியும் பங்குனி, சித்திரையில் காரிமங்கலத்தில் தேங்காய் எண்ணெய் உறையவே உறையாது, ஷியா சேர்த்தும் வழியும். கொழுப்பு நன்றாக நிற்கும் மார்கழி, தையில் மல்லி வரத்து மிகக் குறைவு. ஆகவே குளிர்காலத்தில் சம்பங்கியை வையுங்கள், அது வருடம் முழுக்கப் பூக்கும். மல்லிக்கு ஏசி அறையோ, ஒசூர் பக்கம் தெரிந்தவர் வீடோ வேண்டும்.

மணம் ஏறிய கொழுப்பை மெழுகோடு சேர்த்து, விரலால் தொட்டுத் தடவும் கட்டி வாசனையாக விற்கலாம் என்பது இதிலுள்ள பெரிய வசதி, ஸ்பிரிட்டே தேவையில்லை. தேன்மெழுகு ஒரு பங்கு, மணக்கொழுப்பு மூன்று பங்கு. மெழுகை மட்டும் நீராவிச் சூட்டில் 65 டிகிரியில் உருக்கி, அடுப்பிலிருந்து இறக்கியபின் கொழுப்பைச் சேர்த்து டப்பாவில் ஊற்றுங்கள். கோடையில் மெழுகைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். பென்னாகரம் பக்கத்துக் காட்டு மெழுகு என்றால் துணியில் இருமுறை வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் மல்லியைவிடத் தேன் முன்னால் வரும்.

ஸ்பிரிட் கலந்த பாட்டிலுக்குப் போனால் காகித வேலை கூடும். எத்தனால் வைத்திருக்க மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் அனுமதி வேண்டும். கர்நாடக எல்லையான ஜூஜுவாடி தாண்டினால் கிடைக்கிறதே என்று கேனில் எடுத்துவராதீர்கள். சானிடைசர் ஐசோபுரொப்பைல் வாசனைக்கு ஆகாது, மூக்கைக் குத்தும். தோலில் பூசும் எதையும் செய்து விற்க, கட்டி வாசனை உட்பட, 2020 அழகுசாதன விதிகளின்படி உரிமம் வேண்டும், விண்ணப்பம் சி.ஓ.எஸ்.-5, உரிமம் சி.ஓ.எஸ்.-8. தனி இடம், ஆய்வு வசதி என்று செலவாகும் என்பதால், ஏற்கெனவே உரிமம் உள்ள கூடத்தில் உங்கள் சூத்திரத்தைச் செய்துகொள்ளும் கடன் உரிமம் (லோன் லைசென்ஸ்) ஆரம்பத்துக்கு ஏற்றது. லேபிளில் லாட் எண், தேதி, உட்பொருள், உரிம எண், நிகர அளவு, அதிகபட்ச விலை எல்லாம் வர வேண்டும். ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஸ்பிரிட் பாட்டில் தீப்பற்றும் பொருள், தபாலில் ஏற்க மாட்டார்கள். தரைவழி கூரியரிடம் முன்கூட்டிப் பேசுங்கள். எண்ணெய் அத்தருக்கும் கட்டி வாசனைக்கும் இந்தத் தலைவலி இல்லை.

படிப்பு வேண்டுமானால் கன்னோஜில் மத்திய அரசின் மணம், சுவை மேம்பாட்டு மையம் (எஃப்.எஃப்.டி.சி.) குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது, மும்பை முலுண்டில் வாஸே கல்லூரியில் முதுநிலைப் பட்டயம் இருக்கிறது. வருமானத்தைப் பொறுத்தவரை, பாட்டில் விற்று மட்டும் முதல் இரண்டு மூன்று ஆண்டு தள்ளுவது கஷ்டம். அமெரிக்காவின் பெர்க்லியில் இயற்கை வாசனைக்குப் பேர்போன மாண்டி ஆஃப்டெல்கூட விற்பனையோடு வகுப்பும் நடத்துபவர்தான். சோப்புச் செய்பவர்களுக்குக் கலவை அமைத்துக் கொடுப்பது, ஊதுபத்திக்காரர்களுக்கு இயற்கை எண்ணெய்க் கலவை, கல்யாண வீட்டுக்கு அளவெடுத்துச் செய்யும் அத்தர் என்று இரண்டு மூன்று கால் ஊன்றுங்கள்.

வாடிக்கையாளர் தரப்பில் வரும் முதல் புகார் அநேகமாக 'போன தடவை மாதிரி இல்லை' என்பதாக இருக்கும். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும், இந்த ஆண்டு மல்லி போன ஆண்டு மல்லி இல்லை. ஒவ்வொரு லாட்டிலும் 5 மில்லி தனியே எடுத்து, தேதி எழுதி, ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். புது லாட் வந்ததும் பழையதோடு அருகருகே மோந்து, சந்தனத்தையோ பால்மரோசாவையோ 0.05 கிராம் அளவில் ஏற்றி இறக்கிச் சரிக்கட்டலாம். அதற்கு மேலும் வித்தியாசம் நின்றால் லேபிளில் ஆண்டைப் போட்டு விற்பதுதான் நேர்மை.